ரிப்பனின் பின்பக்கம்

நனைந்த சாட்டின் துணிக்கு ஒரு வாடை உண்டு, தெரியுமா? நேற்று மழைத் தண்ணீர் கடைக்குள் புகுந்து லைனிங் துணிக் கட்டு நனைந்துவிட்டது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் மெஷினை நிறுத்திவிட்டேன். அதற்குமேல் தைக்க ஓடவில்லை.

என் தங்கை ஜெசிந்தா ஓட்டக்காரி. திண்டிவனத்தில் எங்கள் தெருப் பால்காரரின் சைக்கிளையே முந்துவாள். வானூரோ விழுப்புரமோ, போட்டி என்றால் போதும், கழுத்தில் மெடலோடுதான் திரும்புவாள். மெடல் கிடக்கும் ஒரு மூலையில். அதன் சாட்டின் ரிப்பன் மேல்தான் அவளுக்கு உயிர். பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எதையாவது கிறுக்கிவைப்பாள். விழுப்புரத்து ரிப்பனில், "அக்கா தைச்ச டவுசர் பாதி ஓட்டத்துல பிரிஞ்சிச்சி. அப்பவும் நான்தான் ஃபர்ஸ்ட்டு" என்று எழுதியிருந்தாள். ஊருக்கே தைக்கிற என் லட்சணம் அது!

போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள். ஐந்தே நாள். இருபத்திரண்டு வயது.

அம்மாவுக்குச் சர்க்கரையால் பார்வை போய்விட்டது. "அந்த ரிப்பனையெல்லாம் சேத்து ஒரு போர்வை தைச்சிக் குடுடி. நான் தொட்டுக் காட்டறேன், அவ எழுதனத நீ படி" என்றாள்.

புதுத் துணியை நனைத்து உலர்த்தாமல் நான் கத்தரி வைத்ததே கிடையாது. பிறகு சுருங்கினால் யார் பதில் சொல்வது? அந்தப் பாழாய்ப்போன பழக்கத்தில் அத்தனை ரிப்பனையும் பக்கெட்டில் அமுக்கிவிட்டு, ஜாக்கெட்டுக்கு வந்தவளுக்கு அளவெடுக்கப் போனேன். திரும்பி வந்தால் தண்ணீர் நீலமாக இருந்தது, ரிப்பனில் ஓர் எழுத்து இல்லை. ஐயோ, இரண்டு கையாலும் அள்ளினேன். தண்ணீரை அள்ளி என்ன செய்ய?

அம்மாவிடம் சொல்லத் தைரியமில்லை. வெறும் ரிப்பன்களையே தைத்துப் போர்த்தினேன். தினமும் ஒன்றைத் தடவி, "இதுல இன்னா எழுதிக் கீறா?" என்பாள். ஞாபகத்தில் இருந்த ஏழெட்டையும் சொல்லித் தீர்த்தேன். அப்புறம் நானே கட்டிச் சொன்னேன். ஒரு நாள் கேப்பைக் கூழ் குடித்துவிட்டு ஓடினாள், ஒரு நாள் செருப்பு தொலைந்தது.

நேற்றுக் கடையிலிருந்து நான் வீட்டுக்குப் போனதும் அம்மா போர்வையின் மூலை ரிப்பனைப் பிடித்தாள். வாயில் வந்ததைப் படித்தேன். அம்மா அதே ரிப்பனை மறுபடி தடவினாள்.

"போன வாரம் இதுக்கு வேற படிச்ச."

நான் போர்வையின் மடிப்பை இழுத்துச் சரிசெய்தேன். அம்மா விடவில்லை.

"டவுசர் பிரிஞ்சிச்சின்னு படிச்சியே, அதுவாவது அவ எழுதனதுதானடி?"

"ஆமாம்மா" என்றேன். பிரிந்தது நிஜம். ஆனால் மேலே உங்களுக்கு எழுதிக்காட்டினேனே அந்த வரி, அதில் எது அவள் சொல், எது என் சொல் என்று எனக்கே இப்போது தெரியவில்லை.