ஸ்கிராம்ப்ளர் ஓடிய பதினோரு இடங்கள்

என்னிடம் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் இருக்கிறது. கறுப்பு அட்டை, முதுகில் சிவப்புத் துணி ஒட்டியது. அந்தக் காலத்தில் எல்லா அலுவலகங்களிலும் கிடந்த வகை. அதில் ஒரு பக்கத்தை நான்காகக் கோடு போட்டுப் பிரித்திருக்கிறேன்: இடம், முதல் நாள், கடைசி நாள், முடிந்த காரணம். பதினோரு வரிசைகள் நிரம்பியிருக்கின்றன. முதல் வரிசை எழுபதுகளின் நடுவில் தொடங்குகிறது. பதினோராவது எண்பதுகளின் தொடக்கத்தில் முடிகிறது. தேதிகளை இங்கே அடுக்கப் போவதில்லை. ஒரு முறை அப்படி அடுக்கியதால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

அவை பதினொன்றும் ஸ்கிராம்ப்ளர் ஓட்டிய இடங்கள். ஸ்கிராம்ப்ளர் என்றால் மண்ணில் ஓட்டுவதற்கென்றே செய்த மோட்டார் சைக்கிள். உயரத் தூக்கிய மட்கார்டு, கட்டை கட்டையாகப் பிடிப்பு வைத்த டயர். விளக்கு கிடையாது, நம்பர் பலகை கிடையாது. சாலையில் ஓட்டினால் குற்றம். மண்ணில் ஓட்டலாம், ஆனால் எந்த மண்ணில் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போய் ஓட்டிவிட்டு வாருங்கள் என்று அனுமதித்த ஓர் இடம்கூட, எனக்குத் தெரிந்தவரை, எங்களுக்கு இருந்ததில்லை.

எங்களுக்கு என்று சொன்னாலும் ஓட்டியவர் ஒருவர்தான். இந்தத் தீவின் தமிழ்க் கடைவீதியான தேக்காவில் ஒரு வெங்காய மொத்த வியாபாரியிடம் லோரி ஓட்டிய நண்பர். என்னைவிட நான்கு வயது இளையவர். நான் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தாவாக இருந்தேன். இங்கே குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள். அவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். நானும் இரண்டு முறை அந்த வண்டியில் ஏறிப் பார்த்தேன். இரண்டாம் முறை விழுந்து முழங்கை பிசகியது. அதற்குப் பிறகு ஸ்டாப்வாட்சும் நோட்டுமாக ஓரத்தில் நிற்பது என் வேலையாயிற்று. சுற்றுக்கு எத்தனை விநாடி, மண் ஈரமா, காற்று எந்தப் பக்கம், எல்லாம் எழுதுவேன். யாரும் கேட்டு அல்ல. எழுதாமல் விட்டால் அன்றைய நாள் நடக்கவே இல்லை என்பது போல எனக்கு ஒரு தொந்தரவு இருக்கும்.

வண்டி செராங்கூன் சாலைக்குப் பின்னால், ஒரு சந்தில் இருந்த சீன மெக்கானிக்கின் பட்டறையில் நிற்கும். நண்பர் கத்தோலிக்கர். ஞாயிறு முதல் பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையும் பளபளத்த ஷூவுமாக நேரே அங்கே வருவார். ஓட்டும் பூட்ஸ் ஒரு வெங்காயச் சாக்கில் இருக்கும். லோரியின் பின்கதவை இறக்கி, பலகை போட்டு வண்டியை ஏற்றி, சாக்குகளால் மூடிக் கட்டுவோம். லோரியைக் கொடுப்பதற்கு முதலாளி வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: திங்கள் காலை அதில் ஒரு துளி சேறு இருக்கக் கூடாது.

இடம் தேடுவதற்கு நண்பருக்கு ஒரு முறை இருந்தது. கம்போங் என்னும் குடிசைக் கிராமத்தைக் காலி செய்து ஆட்களை அடுக்குமாடிக்கு அனுப்பியிருப்பார்கள். புதுக் கட்டடத்துக்கு இன்னும் அஸ்திவாரக் கம்பம் இறக்கத் தொடங்கியிருக்க மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் அந்த நிலத்துக்கு ஒரு வேலையும் இருக்காது. சில இடங்களில் அந்த இடைவெளி ஐந்து மாதம், சில இடங்களில் ஒன்றரை வருஷம். வெங்காயம் இறக்கத் தீவு முழுக்கச் சுற்றுபவர் என்பதால் அவர் கண்ணில் முதலில் பட்டுவிடும். மார்சிலிங்கில் அப்படி ஒரு மேடு கிடைத்தது. தீபாவளிக்குப் பிறகு தொடங்கி, மழை முடிவதற்குள் போய்விட்டது. என் நோட்டில் முடிந்த காரணங்களைப் படித்தால் இந்த ஊர் எப்படி வளர்ந்தது என்பது தெரியும்: வேலி, புல்டோசர், கம்பம் இறக்கம், தொடக்கப் பள்ளி.

யாரையும் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நானும் அப்படி எழுந்த ஒரு வீட்டில்தான் குடியிருந்தேன். ஓர் அடி நிலத்துக்கும் கணக்குப் பார்க்க வேண்டிய சின்னத் தீவு. நாங்கள் கேட்டதோ ஒரு வேலையும் இல்லாத நிலம். மேடு மேடாகக் கிடக்க வேண்டும், சத்தம் போட்டால் கேட்க ஆள் இருக்கக் கூடாது. அந்தச் சீன மெக்கானிக் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே, “தானா சுடா ஹாபிஸ்” என்பார். மண் தீர்ந்துபோச்சு என்று அர்த்தம். ஒவ்வொரு ஞாயிறும் சொல்வார், வாழ்த்து சொல்வது போல.

நண்பருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. இடித்த கம்போங்கில் வீடு போயிருந்தாலும் சிமெண்டுத் தரை அப்படியே கிடக்கும். சமையல் செய்த மூலை கரியாக இருக்கும். வண்டிக்கு வழவழப்பான நல்ல ஓட்டம் அது. ஆனால் அவர் அதன் மேல் ஓட்டமாட்டார். முதல் நாளே நடந்து பார்த்து, தரை இருக்கும் இடங்களிலெல்லாம் குச்சி நட்டு, சுற்றிக்கொண்டு போகிற மாதிரித்தான் பாதை போடுவார். ஏன் என்று ஒரு முறை கேட்டேன். “அது வீடு, கிராணி” என்று மட்டும் சொன்னார்.

இத்தனைக்கும் காரணம் கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், ஜொகூரில் நடக்கும் மண் வண்டிப் போட்டி. இருபது நிமிடம் மேடும் பள்ளமுமாக ஓட வேண்டும். நண்பர் இரண்டு முறை கலந்துகொண்டார். இரண்டு முறையும் பாதியில் வெளியே வந்தார். வேகம் போதாமல் அல்ல. பத்தாவது நிமிடத்தில் முன்கை கல்லாகிப் பிரேக்கைப் பிடிக்க விரல் மடங்காது. அதற்கு மருந்து கிடையாது. வாரத்துக்கு இரண்டு முறையாவது மேட்டில் ஓட்டிப் பழகினால்தான் கை தாங்கும். ஜெயிக்க வேண்டும் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு தடவையாவது கடைசிக் கொடி வரை ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது போட்டிக்குப் பெயர் கொடுத்தபோது, முடிந்தாலும் முடியாவிட்டாலும் அதோடு வண்டியை விற்றுவிடுவதாக மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்தச் சமயத்தில் கிடைத்ததுதான் பதினோராவது இடம். பொங்கோலில் பன்றிப் பண்ணைகளைத் தாண்டி, காலி செய்த ஒரு பண்ணைக்குப் பின்னால் செம்மண் மேடு. பக்கத்துப் பண்ணைக்காரர் ஒரு வயதான சீனர். அவருடைய பன்றிகளே போதுமான சத்தம் போட்டதால் எங்கள் சத்தம் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. ரோந்து வந்த போலீஸ்காரர் ஒருவர் ஒரு நாள் நின்று, இரண்டு சுற்று பார்த்துவிட்டு, இருட்டுவதற்கு முன் வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். புதன் சாயங்காலமும் ஞாயிறும் போனோம். போட்டிக்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. பன்னிரண்டு நிமிடம் தாங்கிய கை பதினான்காயிற்று.

அப்போதுதான் நான் அந்தக் கடிதத்தை எழுதினேன்.

எனக்குக் கடிதங்களில் நம்பிக்கை அதிகம். செராங்கூன் சாலையில் பாதிப் பேருக்குப் பள்ளிச் சேர்க்கை, வேலை மனு, வீடு மாற்றம் எல்லாம் நான்தான் எழுதிக் கொடுப்பேன். தகுந்த ஆதாரத்தோடு, மரியாதையாக எழுதினால் எந்த அலுவலகமும் செவி கொடுக்கும் என்பது என் அனுபவம். ஆகவே, நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அலுவலகத்துக்கு, மண் வண்டி ஓட்ட முறைப்படி ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்று மூன்று பக்கம் தட்டச்சு செய்தேன். தேவை உண்மையானது என்று காட்ட ஒரு பின்னிணைப்பும் சேர்த்தேன். பதினோரு இடங்கள், ஓட்டிய நாட்கள், போகும் வழி. பொங்கோலுக்கு மட்டும் கூடுதல் அக்கறை: தார்ச் சாலை முடிவிலிருந்து எத்தனை கெஜம், மூன்றாவது பப்பாளி மரத்துக்கு இடப்பக்கம் பாதை. நண்பரிடம் சொல்லவில்லை. அனுமதிக் கடிதத்தை அவர் கையில் கொடுக்கும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்து வைத்திருந்தேன்.

மூன்று வாரத்துக்குள், ஒரு வியாழக்கிழமை, பதில் வந்தது. பிழையில்லாத, கண்ணியமான பதில். விரிவான தகவலுக்கு நன்றி. தற்போது இதற்கென நிலம் எதுவும் இல்லை. அனுமதியின்றி அரசு நிலத்தில் வாகனம் ஓட்டுவது குற்றம். குறிப்பிட்ட இடங்கள் பார்வையிடப்படும். கடைசி வாக்கியத்தைப் பல முறை படித்தேன். ஞாயிற்றுக்குள் அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பார்வையிட நாள் ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கடிதத்தையும் என் கார்பன் நகலையும் பையில் வைத்துக்கொண்டு லோரியில் ஏறினேன்.

பாதையின் வாயில் இரண்டு கான்கிரீட் கட்டைகள். குறுக்கே இரும்புக் குழாய். நான்கு மொழிகளில் பலகை. மேட்டின் மேல் அகழ்வண்டி ஏறி இறங்கி அதைத் தட்டையாக்கியிருந்தது.

நண்பர் இறங்கிக் குழாயைத் தொட்டுப் பார்த்தார். “புதன்கிழம இது இல்ல லா. யாரோ சொல்லியிருக்கான்.”

பண்ணைக்காரர் வேலியோரம் வந்தார். வெள்ளிக்கிழமை ஆட்கள் வந்ததாக மலாயில் சொன்னார். கையில் ஒரு தாள் வைத்திருந்தார்களாம். யாரிடமும் வழி கேட்கவில்லையாம். பப்பாளி மரத்தை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே நேரே வந்துவிட்டார்களாம். அது அவருக்கு வேடிக்கையாக இருந்தது. எண்ணிக் காட்டிச் சிரித்தார்.

நண்பர் மரங்களைப் பார்த்தார். பிறகு மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“கிராணி, இந்த ஊர்ல பப்பாளி மரத்த எண்ணுற ஆளு நீங்க ஒருத்தர்தான்.”

பையைத் திறந்து பதிலையும் நகலையும் கொடுத்தேன். அவர் லோரியின் படியில் உட்கார்ந்து படித்தார். பதிலைச் சீக்கிரம் படித்து முடித்துவிட்டார். பின்னிணைப்பைத்தான் விரலை வைத்து, வரி வரியாக, நெடுநேரம் படித்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“எல்லாம் கரெக்டா இருக்கு,” என்றார். “மார்சிலிங்ல மழ பேஞ்சு பாதியில வந்தோமே, அதக்கூட போட்டிருக்கீங்க.”

இன்னொரு கடிதம் எழுதுகிறேன் என்றேன். அதைச் சொன்னதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

“வேணாம், பேனாவ மூடுங்க. இத்தன வருஷமா நம்மள ஏன் விட்டு வெச்சாங்க? பாக்குறவன் பாத்துட்டுப் போயிடுவான். அன்னிக்கு அந்தப் போலீஸ்காரரு போனாருல்ல, அந்த மாதிரி. எழுதிக் கைல குடுத்துட்டா அவன் வேலைய அவன் செய்யணும் லா. அவன் மேல என்னா தப்பு?”

வந்த வழியே திரும்பினோம். லோரியில் அன்று சேறே படவில்லை. ஆனாலும் சந்துக்கு வந்ததும் அவர் தண்ணீர்க் குழாயைத் திறந்து, எப்போதும் போலக் கழுவினார். நான் சாக்குகளை மடித்து வைத்தேன்.

அதன் பிறகு இரண்டு வாரம் அவர் நாங்கள் வழக்கமாகச் சந்திக்கும் காப்பிக் கடைப் பக்கம் வரவில்லை. பட்டறையில் வண்டி அப்படியே நின்றது. மெக்கானிக் மண் தீர்ந்துபோச்சு என்று சொல்வதைக்கூட நிறுத்திவிட்டார். வீட்டில் நோட்டைத் திறந்து பதினோராவது வரிசையின் கடைசிக் கட்டத்தை நிரப்பப் பார்த்தேன். முதலில் ‘தடுப்பு’ என்று எழுதினேன். அடித்துவிட்டு ‘என் கடிதம்’ என்று எழுதினேன்.

ஒரு சாயங்காலம் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே லோரி ஹாரன் அடித்தது. எட்டிப் பார்த்தேன். இறங்கி வரச் சொல்லிக் கையைக் காட்டினார். பின்னால் சாக்குகளுக்குக் கீழே வண்டியின் கைப்பிடி தெரிந்தது. என் மனைவி நோட்டையும் ஸ்டாப்வாட்சையும் எடுத்துக் கையில் கொடுத்தாள். கீழே போனதும் அவர் இரண்டையும் பார்த்தார்.

“மேல வெச்சுட்டு வாங்க.”

“தம்பி, வாட்ச் மட்டுமாவது...”

“வாட்சும் வேணாம். சட்டப் பையில இருக்குற பேனாவும் வேணாம். வர்றதுன்னா ஏறுங்க.”

மின்தூக்கி சில மாடிகளில்தான் நிற்கும், எங்கள் மாடியில் நிற்காது. இரண்டு மாடி நடந்து ஏறி, மூன்றையும் மனைவியிடம் கொடுத்தேன். பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல இருக்கிறது என்று அவள் சிரித்தாள்.

அவர் கூட்டிப்போன இடத்தை எங்கே என்று இங்கேயும் எழுதப் போவதில்லை. மண் மஞ்சளாக இருந்தது, லாலாங் புல் இடுப்பு உயரம். அங்கும் ஒரு சிமெண்டுத் தரை கிடந்தது. அதைச் சுற்றி அவர் குச்சி நட்டார், நான் பிடித்துக்கொண்டேன். அவர் ஓடும்போது வாட்ச் இல்லாத கையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு மெல்ல மெல்ல, அவர் மேட்டில் ஏறும்போது உடம்பை எப்படி முன்னால் சாய்க்கிறார், இறங்கும்போது முழங்காலை எப்படி விடுகிறார் என்பதைப் பார்க்கத் தொடங்கினேன். அத்தனை வருஷம் பக்கத்தில் நின்றும் நான் பார்த்தது பெரும்பாலும் வாட்சின் முள்ளைத்தான். அவர் களைத்து நிற்கும்போது, எவ்வளவு நேரம் ஆச்சு என்று கேட்கமாட்டார். கையை நீட்டுவார். நான் முன்கையை அழுத்திப் பார்த்துவிட்டு, இன்னும் கல்லாகவில்லை என்பேன். மறுபடி ஏறுவார்.

ஜொகூர் போட்டிக்கு நோட்டைக் கொண்டுவர அனுமதி கிடைத்தது. அது முறைப்படி நடந்த போட்டி, எழுதினால் யாருக்கும் கெடுதல் இல்லை. அந்தப் பக்கம் முழுக்க நிரம்பியிருக்கிறது. பத்தாவது நிமிடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டது தெரிகிறது; பதினைந்தில் மறுபடி கையெழுத்து கோணலாகத் தொடங்குகிறது. அவர் கடைசிக் கொடியைத் தாண்டினார். அவருக்குப் பின்னால் இரண்டே பேர். வண்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டின் வாரைக் கழற்றப் பார்த்தார். விரல் மடங்கவில்லை. நான் போய்க் கழற்றினேன்.

“இத எழுதிக்குங்க, கிராணி” என்றார்.

அந்த மாதமே, வாக்குக் கொடுத்தபடி, வண்டியை ஜொகூர்ப் பக்கத்து ஆள் ஒருவருக்கு விற்றுவிட்டார். அங்கே மண் இருந்தது.

நோட்டில் பன்னிரண்டாவது வரிசைக்கும் கோடு போட்டு வைத்திருக்கிறேன். நான்கு கட்டமும் காலி. அங்கே எத்தனை நாள் போனோம், எந்தக் கிழமை தொடங்கினோம் என்று எனக்குத் தெரியாது. என் மூத்த மகளின் முதல் பல் எந்தக் கிழமை விழுந்தது என்று சொல்லக்கூடியவன் நான். போட்டி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். இதுவரை எண்ணவில்லை.