அக்காவின் தோல்

முதலில் வாயில்தான் புண் வந்தது. பிறகு அக்காவின் மார்பிலும் முதுகிலும் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியதும் அவள் மாமியார், "ஆத்தா வந்துக்கிறா. மருந்து மாத்திரைனு எவனும் வாயத் தொறக்கக் கூடாது" என்று வேப்பிலையை விரித்துப் படுக்க வைத்துவிட்டார். ஒட்டிக்கொள்ளும் என்று, பால்குடி மறக்காத பிள்ளையை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அது பசியிலும் ஏக்கத்திலும் கத்தும்போது இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு நடப்பேன்.

கல்வராயன் மலையடியில் எங்கள் ஊர். அக்காவுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று பிள்ளையோடு அவள் வீட்டெதிரே தெருவில் நின்று பார்த்தேன். மாமியார் ஈரத்துணியால் முதுகைத் துடைத்தார். கொப்புளமே இல்லாத இடம். தோல் துணியோடு வந்துவிட்டது.

"எந்த ஊர்ல அம்மை இப்டித் தோலை உரிக்குது? கொன்னே போடுவீங்களா?" என்று பாய்ந்தேன். அக்கா புருஷன் உடனே மாட்டுவண்டி பூட்டினார்.

அது இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம். கள்ளக்குறிச்சி ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, மனுஷ நடமாட்டமும் இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் எட்ட நடந்தேன். சாய்ந்த மரத்தருகே அரிவாளோடு நின்றவர்கள் "வண்டியத் திருப்பு" என்றார்கள். மாமா கெஞ்சியும் மசியவில்லை. ஒருவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். வேப்பிலை மேல் அக்கா கிடந்தாள்.

"அம்மைடா! வழி வுடுங்கடா!"

கன்னத்தில் போட்டுக்கொண்டு கிளைகளை இழுத்து ஒதுக்கினார்கள். அம்மை இல்லை என்று சொல்ல வந்த நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், புண் இல்லாமல் நன்றாக இருந்த தோலில் கட்டைவிரலை வைத்து லேசாக நகர்த்தினார். அது நழுவியது. அவர் முகம் மாறிவிட்டது.

"அம்மை இல்லம்மா. தோல்ல ஒரு செல்லு பக்கத்து செல்லை இறுக்கிப் புடிச்சிருக்கணும். இவங்க உடம்போட எதிர்ப்பு சக்தியே அந்தப் பிடியை அறுக்குது. அடக்குறதுக்கு மருந்து இருக்கு. ஆனா ரொம்ப லேட்டு. தோல் போன இடமெல்லாம் சீழ் வெச்சிடுச்சி."

அவர் சொன்ன இங்கிலீஷ் பேர் என் வாயில் நுழையவில்லை. அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"புள்ளைக்கு ஒட்டிக்குமா சார்?"

"தொத்துற நோயே இல்லம்மா இது."

அடப்பாவிகளா, இத்தனை நாள் எதற்கு அந்தப் பச்சைப்பிள்ளையை அழவிட்டோம்!

அக்கா இரண்டு கைகளையும் நீட்டினாள். என் இடுப்பிலிருந்து பிள்ளை தாவியது. டாக்டர் குறுக்கே வந்துவிட்டார்.

"புள்ளைக்கு ஒன்னும் ஆகாது. அது புடிச்சா உன் தோல்தான் கையோட வந்துடும்."

அக்கா கையை மடக்கவில்லை.

"வந்தா வரட்டும். குடுடி" என்றாள்.