சங்கிலிப் பையில் வந்த கல்

உலோகத் துகள் கல்லில் கலந்துவிடும் என்று, மோதிரத்தைக் கழற்றாமல் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்த துணை இயக்குநரையே வாசலோடு திருப்பி அனுப்பியவர் ரிம்மா அர்காத்யெவ்னா. கடலடி எரிமலைக் கற்களைப் பொடித்து, அமிலத்தில் கரைத்து, அவற்றில் இம்மியளவு ஒளிந்திருக்கும் தனிமங்களைத் தேடுவதிலேயே விளாதிவஸ்தோக்கில் அவருடைய வயது கரைந்துபோனது. அளக்கும் கருவியை ஓட்டுகிறவள் நான். ரிம்மா ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் முனைவருக்கும் மேலான பெரிய பட்டத்துக்கான ஆய்வேட்டை முடித்தார். வெள்ளிக்கிழமை அறிஞர் அவையில் நின்று வாதாட வேண்டும்.

அந்த ஆய்வேட்டின் உயிர் ஒரே ஒரு கல். அவர் ஆராய்ந்த கடலடி மலையின் மற்ற கற்களில் நையோபியம் என்ற உலோகம் அரிது. இந்த ஒன்றில் மட்டும் கொட்டிக் கிடந்தது. பூமியின் ஆழத்திலிருந்து வேறொரு குழம்பு மலைக்குள் புகுந்திருக்கிறது என்று ரிம்மா எழுதியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை அவர் வீட்டில் எனக்குச் சாப்பாடு. கணவர் தீகோன் எங்கள் ஆய்வுக் கப்பலில் மேல்தள வேலையாட்களின் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த மலையில் கல் அள்ளிய பயணத்துக்கு ரிம்மா போகவில்லை, அவர்தான் போனார். இறைச்சி வைத்த பெல்மேனிக் கொழுக்கட்டையை வாயில் போட்டுக்கொண்டே பழைய கதையை எடுத்தார்.

"அன்னிக்கு அடிச்ச அலை இருக்கே! கேப்டன் 'இறக்குய்யா, இறக்கு'ன்னு கத்துறாரு. பையத் தட்டவும் இல்ல, கவுக்கவும் இல்ல. அப்படியே கடல்ல இறக்கிட்டோம்ல!"

ரிம்மாவின் கை நின்றது. கல் அள்ளும் அந்தச் சங்கிலிப் பையை ஒவ்வொரு மலைக்கும் முன்னால் சம்மட்டியால் தட்டி உதறியாக வேண்டும்.

"எந்த மலையில?"

"உன் மலையிலதான்."

"முந்தின மலைக் கல்லு உள்ள சிக்கி இருந்திருந்தா?"

"ஒண்ணு ரெண்டு இருந்திருக்கும். அதுக்கென்ன? கல்லு கல்லுதானே?"

"இத்தன வருஷம் என்கூடக் குடித்தனம் பண்ணிட்டு, கல்லு கல்லுதானேன்னு கேக்குறியே, பாவி!"

தீகோனின் சிரிப்பு அடங்கிவிட்டது.

"ரிம்மா அர்காத்யெவ்னா, வெள்ளிக்கிழமை முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்," என்றேன். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அவர் காதில் வாங்கவில்லை. முந்தின மலையின் கற்கள் வேறொரு குழுவுடையவை, யாரும் அளக்காமல் பெட்டியில் கிடந்தன. மறுநாள் காலையிலேயே கெஞ்சி ஒன்றை வாங்கி வந்து அறுத்தார், பொடித்தார், அமிலத்தில் போட்டார். அது கரையும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் என் மேலா, கணவர் மேலா, தெரியவில்லை.

வியாழக்கிழமை கருவி எண்களைத் துப்ப ஆரம்பித்தது. தனிமங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் அளவையும் குறித்துக் கோடு இழுத்தேன். ரிம்மாவின் கல்லுக்கு ஒரு கோடு, பெட்டிக் கல்லுக்கு ஒரு கோடு. இரண்டும் எங்காவது பிரியாதா என்று கண் வலிக்கப் பார்த்தேன். நையோபியத்தில் பிரியவில்லை, தோரியத்தில் பிரியவில்லை, கடைசிவரை ஒன்றின் மேல் ஒன்றாகவே படுத்துக் கிடந்தன. அப்படியானால் ரிம்மாவின் கல் அவருடைய மலையுடையதே அல்ல. எனக்கு அழுகை வந்தது. அவர் என் தோளைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை அவைக்குப் பக்கத்து அறையில் விருந்து தயாராக மூடி வைக்கப்பட்டிருந்தது. பின்வரிசையில் தீகோன் இறுக்கமான கோட்டுக்குள், கையில் கார்னேஷன் பூக்களோடு உட்கார்ந்திருந்தார். ரிம்மா மேடையேறி முதல் வாக்கியத்திலேயே அந்தக் கல்லைக் கைவிடுவதாகச் சொன்னார். பையைத் தட்டாமல் இறக்கியதில் முந்தின மலைக் கல் கலந்துவிட்டது என்று காரணமும் சொன்னார். அவை சலசலத்தது.

தலைவர் நல்ல மனிதர், காப்பாற்றத்தான் பார்த்தார். "ரெண்டு மலைக்கும் ஒரே குழம்பு வந்திருக்கலாமே? கோடு ஒத்துப்போனா மட்டும் போதுமா? பையைத் தட்டலைன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

ரிம்மா வாயைத் திறக்கவில்லை. பின்வரிசைப் பக்கம் திரும்பவும் இல்லை. கப்பலில் தீகோனைப் போல ஒழுங்கான ஆள் கிடையாது என்று பெயர். அந்தப் பெயரை அந்த அவையிலிருந்த பாதிப் பேர் அறிவார்கள்.

பூக்களைச் சுற்றிய தாள் சரசரத்தது. தீகோன் எழுந்து நின்றார்.

"நான்தாங்க. தட்டாம இறக்கினது நான்தான்."

ஆய்வேட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, திருத்தி மறுபடி வரச் சொன்னார்கள். எல்லோரும் எழுந்தபோதும் தீகோன் நின்ற இடத்திலேயே நின்றார். ரிம்மா கீழே இறங்கி வந்து, நீட்டாத கையிலிருந்து பூக்களைத் தானே வாங்கிக்கொண்டார்.

"வா, சாப்பிடலாம்," என்றார்.