குளத்துக்குப் போன குழவி

படகை ஓட்ட ஒரே நாளில் பழகிவிடலாம். அதை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கத்தான் ஆயுசு போதாது. ஆட்டோ, வேன், பரிசல் என்று எதிலாவது ஆளேற்றிப் பிழைக்கும் சக ஜீவன்களே, உங்களிடம் புலம்பாமல் வேறு யாரிடம் புலம்புவேன்? சீசனுக்குக் குற்றாலம் வந்து, அருவியில் குளித்து அலுத்தவர்களில் சிலருக்குத் தூண்டில் ஆசை வரும். அவர்களைச் சின்ன ஃபைபர் படகில் ஏற்றி, வடகரைப் பக்கத்துக் குளத்தில் மீன் இருக்கும் இடமாகப் பார்த்து நிறுத்துவது என் வேலை. அதே சீசனில்தான் மலைக் கணவாய்க் காற்றும் ஆளைத் தள்ளிக்கொண்டு வரும்.

சீதனம்

முதலில் இரும்பு நங்கூரம்தான் வைத்திருந்தேன். அது குளத்தடியில் கிடந்த கருவேல மரத்தின் அடிக்கட்டையில் மாட்டி, அங்கேயே தங்கிவிட்டது. சாதாரணக் கல்லைக் கட்டினால் கயிறு நழுவுகிறது. கிரைண்டர் வந்த பிறகு எங்கள் வீட்டுக் கொல்லையில் ஆட்டுக்கல் சும்மா கிடந்தது. அதன் குழவிக்குக் கழுத்து உண்டு, கயிறு கச்சிதமாக நிற்கும். தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வாசலில் என் மனைவி சண்முகத்தாய் மறித்தாள்.

"அது எங்க அப்பா எனக்குத் தந்தது. அது வராம நீங்க மட்டும் வந்தியன்னா, சோத்துக்கும் அந்தக் குளத்துக்கே போயிருங்க."

பிரேக்

மதுரையிலிருந்து ஒரு வங்கி அதிகாரி வந்தார். தாமரை ஓரமாக ஓரிடத்தைக் காட்டி, அங்கே நிறுத்தச் சொன்னார். காற்றில் குழவியைப் போட்ட இடத்தில் படகு நிற்காது. கயிறு நீளுமட்டும் பின்னால் போய்த்தான் நிற்கும். அதனால் காற்று வரும் பக்கமாகத் தள்ளிப் போய்ப் போட வேண்டும். நான் அப்படிப் போவதைப் பார்த்ததுமே அவர், "இங்கேதான், இங்கேதான்" என்று கத்தினார். சரி, படியளப்பவர் சொல்கிறாரே என்று அங்கேயே போட்டேன். படகு பின்னால் போய் வெறும் தண்ணீரில் நின்றது. அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பிரேக் ரொம்ப வீக்கா இருக்குண்ணே, சர்வீஸுக்கு விடுங்க."

முன்வரிசை சாமி

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவருக்கு, நனைந்த குழவி சிவலிங்கமாகவே தெரிந்துவிட்டது. மடியிலிருந்த திருநீற்றை எடுத்துப் பட்டை போட்டார். காதில் செருகியிருந்த பூவையும் எடுத்து வைத்தார். அதன்பின் அதைத் தண்ணீரில் போட விடுவாரா? குழவி முன்பக்கம் விஐபி மாதிரி உட்கார்ந்து வர, எங்களைக் காற்று குளம் முழுக்க இழுத்தடித்தது. நான் துடுப்பைப் போட்டுக் கை ஓய்ந்துபோனேன். ஒரு மீன்கூடச் சிக்கவில்லை. கடைசியில் படகு தானாகவே போய்க் கரையில் முட்டியது. பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாமி நம்மளக் கரை சேத்துட்டாரு, பாத்தியளா!"

கட்லா

ராயகிரியில் உரக்கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் வந்தார். அன்று என் நல்ல நேரம். படகு நினைத்த இடத்தில் நின்றது. அவர் தூண்டிலில் பெரிய கட்லாவும் விழுந்தது. அது படகைச் சுற்றி ஓடியதில் தூண்டில் நரம்பு குழவிக் கயிற்றில் சிக்கிக்கொண்டது. மெல்லக் கயிற்றை மேலே இழுத்துப் பிரிக்கலாம் என்று நான் எழுவதற்குள், மாங்காய் நறுக்கக் கொண்டுவந்த கத்தியால் அவர் கயிற்றை அறுத்துவிட்டார். மீன் படகுக்குள் வந்தது. குழவி போய்விட்டது. மனைவி சொன்னதைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே மீனில் பாதியை வெட்டிக் கொடுத்தார்.

"கல்லுதான அண்ணாச்சி? இத எங்க மதினிட்ட குடுங்க, எல்லாத்தையும் மறந்துருவாவ."

வீட்டில்

மறக்கவில்லை. மூழ்கித் தேடினேன், சேறுதான் கைக்கு வந்தது. ஊரே குளம் பெருக வேண்டும் என்று சாமி கும்பிடுகிறது. சண்முகத்தாய் மட்டும் காலையில் கரைக்கு வந்து, தண்ணீர் எவ்வளவு வற்றியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகிறாள். குழவி போன அன்று அந்த மீனை என் கையிலிருந்து வாங்கிக் குழம்பு வைத்தாள், வாசனை தெருமுனை வரை வந்தது. தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அவள் தன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"மீனு நல்லாத்தான் இருக்கு. குழவியோட வாங்க, உங்களுக்கும் ஒரு துண்டு வைக்கேன்."

இப்போதெல்லாம் மணல் மூட்டையைக் கட்டிப் போட்டு, எந்தக் காற்றிலும் கேட்ட இடத்தில் படகை நிறுத்திவிடுகிறேன், வீட்டுக்குள்தான் எனக்கு நிற்க இடமில்லை.