மகளைக் கேட்காமல் செய்த பொருத்தனை

செஞ்சியில் எங்கள் சபையில் ஞாயிறுதோறும் ஒவ்வொருவராக எழுந்து, கர்த்தர் தங்களுக்குச் செய்ததைச் சாட்சி சொல்வதுண்டு. என்னோடு தாலுகா ஆபீசில் வேலை பார்க்கும் ஞானமுத்துவின் மகன் எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் மேலே படிக்காமல், ஒரு வருஷத்தைக் கர்த்தருக்கென்று கொடுத்து, வேதம் படிக்கவும் கிராம ஊழியம் செய்யவும் போனான். அவன் கடிதங்களை ஞானமுத்து வாராவாரம் எழுந்து வாசிப்பார். மண்டகப்பட்டுவரை வெயிலில் நடந்தானாம், கூழ் குடித்தானாம். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். என் மகள் மேரிக்கு ஆசிரியப் பயிற்சியில் இடம் கிடைத்தபோது ஒரு கண்ணும் நனையவில்லை. பொறாமையைக் கண்டிக்கும் புத்தகங்கள் நிறையப் படித்தவன் நான். ஒன்றும் உதவவில்லை.

ஒரு ஞாயிறு எழுந்து, "என் மகளும் இந்த வருஷத்தைக் கர்த்தருக்குக் கொடுக்கிறாள்" என்று பொருத்தனை செய்துவிட்டேன். ஞானமுத்துவின் முகம் சுருங்கிய அந்த அரை நிமிஷம் பரலோகம்தான்.

வீட்டில் மேரி பயிற்சிப் பள்ளிக் கடிதத்தை நீட்டினாள். புதன்கிழமைக்குள் சேராவிட்டால் இடம் போய்விடும்.

"இன்னா நைனா, நீ பேர் வாங்க என் படிப்பா கெடச்சுது?"

நேரே போதகரிடம் போனாள். சபை நடுவே சொன்னதை எப்படி மாற்றுவது என்ற உதறலோடு நானும் பின்னால் ஓடினேன்.

போதகர் சிரிக்காமல் கேட்டார்: "அவ வருஷத்தை நீர் எப்படி ஐயா கொடுப்பீர்? உம்முடையதைக் கொடும்."

மேரி புதனன்று பஸ் ஏறினாள். நான் வருஷம் முழுக்க ஞாயிறு மதியங்களில் ஆர்மோனியப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வல்லம் கிராமத்துக்கு ஊழியம் செய்ய மிதித்தேன்.

இப்போதெல்லாம் சாட்சி சொல்லத் தோன்றினால் முதலில் மேரிக்கு எழுதிக் கேட்கிறேன். "வேண்டாம் நைனா" என்று ஒரே வரியில் கார்டு வருகிறது.