இரண்டாம் பாகத்தில் வருகிறவள்

"முதல் படம் முழுக்க நீ வரவே மாட்டேம்மா. ரெண்டாவது படத்துல, அதுவும் பாதிக்கு மேலதான் வர்றே" என்றுதான் அந்த டைரக்டர் எனக்குக் கதை சொல்ல ஆரம்பித்தார். ஆரணியில் எங்கள் நாடகத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை நாங்கள் தங்கியிருந்த சத்திரத்துக்கே தேடி வந்திருந்தார். எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனால் நாடகத்தில் கிழவி வேஷம் வரை போட்டு முடித்திருந்தேன்.

கதை இதுதான். மலைக்கு வேலைக்கு வரும் ஒருவன் அங்கே ஒரு பெண்ணை விரும்பிக் கல்யாணம் செய்துகொள்கிறான். முதல் படம் அத்தோடு முடிகிறது. இரண்டாவது படத்தில், பத்து வருஷம் கழித்து, அவன் அதற்கு முன்னாலேயே தாலி கட்டி ஊரில் விட்டுவிட்டு வந்த மனைவி மலையேறி வருகிறாள். அவள்தான் நான்.

இரண்டையும் சேர்த்தே எடுத்துவிடப்போவதாகச் சொன்னார். முதல் படம் ஓடிவிட்டால் ஹீரோ அப்புறம் கைக்குக் கிடைக்கமாட்டார், இவ்வளவு சாமானையும் ஆட்களையும் இன்னொரு தடவை மலையேற்றவும் முடியாது என்பது அவர் கணக்கு. கேட்டுக்கொண்டே இருந்தேன். எனக்கு அந்த ஒரு பெண்ணைத் தவிர வேறொன்றும் காதில் விழவில்லை.

ஏனென்றால் என் கணவர் பெங்களூரில் வேலை என்று பஸ் ஏறிப் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அங்கே அவருக்கு வேறு குடும்பம் இருந்தது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் போய் அவர் முன்னால் நின்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. பெண் குழந்தையை அக்கா வீட்டில் விட்டுவிட்டு நாடகம் நாடகம் என்று ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தேன். சினிமாவில் ஒரு தடவை முகம் தெரிந்துவிட்டால் பெண்ணைக் கூட்டிக்கொண்டு மெட்ராஸுக்கே போய்விடலாம் என்று நினைத்தேன். அதைவிட்டால் எனக்கு வேறு வழி எதுவும் தெரியவில்லை. நாடகக் கம்பெனியில் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். "போனா இடம் காலியா இருக்காது" என்றார் முதலாளி. சரி என்றேன்.

திருப்பத்தூரிலிருந்து ஜீப்பில், மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்கு ஏறினோம். சாமை அறுப்புக்குத் தயாராக நின்ற நேரம். ஒரு சின்ன ஊரை ஒட்டி, புளியமரத்துக்குப் பக்கத்தில், படக் கம்பெனிக்காரர்கள் கூரை வீடு ஒன்று கட்டியிருந்தார்கள். வீட்டின் முன்பக்கம் புதுப் புல் வேய்ந்து மஞ்சளாக இருக்கும். அது முதல் படத்துக்கு. பின்பக்கம் பழைய கூரையும் காரை பெயர்ந்த சுவருமாக இருக்கும். அது இரண்டாவதுக்கு. ஹீரோ காலையில் கறுப்பு மீசையோடு முன்பக்கம் நிற்பார். மத்தியானம் தலையில் வெள்ளை பூசிக்கொண்டு பின்பக்கம் போவார்.

நான் தங்கியிருந்த வீட்டுக்காரி சாமை குத்துகிற வேலையை விட்டுவிட்டு வந்து இதையெல்லாம் பார்ப்பாள். "இன்னாம்மா இது, காத்தால கண்ணாலம் ஆச்சு, சாப்பாட்டுக்குள்ள நரைச்சிப்போச்சு" என்று ஒரு நாள் என்னிடம் கேட்டாள். நான் விளக்கிச் சொன்னேன். "அப்ப நீ எப்போ வருவே?" என்றாள்.

அதைத்தான் நானும் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன். விடிந்ததும் மேக்கப் போட்டு, பழைய நூல் சேலை கட்டி, உட்கார வைத்துவிடுவார்கள். "இன்னிக்கு ரெண்டாம் பாகம் உண்டு" என்பார் மேனேஜர். முதல் பாகத்துப் பாட்டு முடியாது. பனி இறங்கிவிடும். வெளிச்சம் போய்விடும். முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்ப் படுப்பேன். முதல் படத்து ஹீரோயின் தன் வேலையை முடித்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். நான் இன்னும் கேமரா முன்னால் நிற்கவேயில்லை. ஏதாவது சொன்னால் அனுப்பிவிடுவார்களோ என்று பயம். எல்லோரிடமும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் முழுக்கப் பெய்ததில் மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டது. மெட்ராஸிலிருந்து பிலிம் ஏற்றி வந்த வேன் அடிவாரத்திலேயே நின்றுவிட்டதாகத் தகவல் வந்தது. அந்தக் காலத்தில் கலர் பிலிம் நினைத்தவுடன் கிடைக்கிற சாமான் இல்லை. மழை விட்ட மறுநாள் ஹீரோ, "வேலை இல்லேன்னா நான் எறங்கிடறேன், நடந்தாவது போய்டறேன்" என்று டைரக்டரிடம் சொல்வது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அவர் இறங்கிவிட்டால் திரும்ப ஏறமாட்டார் என்பது யூனிட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் டைரக்டர் என்னிடம் வந்தார். "ரெடியாம்மா? உன் சீன்தான் இன்னிக்கு."

வேனில் இருந்து யாரோ ஒரு டப்பா பிலிமைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கக்கூட இல்லை.

பத்து வருஷம் கழித்துக் கணவன் முன்னால் வந்து நிற்கும் இடம். வசனம் எழுதியிருந்தார்கள். டைரக்டர் அதை வாங்கி மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "இது வேணாம். உனக்கு இன்னா கேட்கணுமோ அதைக் கேளு. நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் பேசு." என் வீட்டு விஷயம் அவருக்குத் தெரியும். கதை சொன்ன அன்றே நான் சொல்லியிருந்தேன்.

ஹீரோ கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கேமரா ஓடும் சத்தம் கேட்டது. நான் பேச ஆரம்பித்தேன்.

பெங்களூருக்குப் போய்க் கேட்க முடியாததை எல்லாம் கேட்டேன். பஸ் ஸ்டாண்டில் அவர் திரும்பிப் பார்க்காமல் ஏறியதைச் சொன்னேன். குழந்தைக்கு அம்மை போட்டபோது பக்கத்து வீட்டில் சொல்லி அனுப்பியும் வராததைச் சொன்னேன். அங்கே இருக்கிறவளிடம் என்னைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறாய், செத்துப்போய்விட்டாள் என்றா என்று கேட்டேன். நடுவில் குரல் உடைந்துவிட்டது. மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி பேசினேன். ஹீரோ தலை நிமிரவேயில்லை. டைரக்டர் "கட்" என்றார். சுற்றி நின்ற மலைக்காரப் பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஹீரோ எழுந்து வந்து, "நான் இருக்கேம்மா, முடிச்சிட்டுத்தான் போவேன்" என்றார். அப்படி அவர் யாரிடமும் சொன்னதில்லை என்றார்கள்.

வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரி சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டு என் எதிரில் உட்கார்ந்துகொண்டாள். "அந்த ஆளு உன் வூட்டுக்காரரா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்போ நெசமா ஒர்த்தன் இருக்கான்" என்றாள். நான் தலையாட்டினேன். அவள் வேறு எதுவும் கேட்காமல் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். அன்றைக்கு எனக்கு இருந்த நிம்மதி அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

அடுத்த நாள் பாதை சரியாகி வேன் ஏறி வந்தது. டப்பாக்களை இறக்கிக்கொண்டிருந்த கேமரா அசிஸ்டென்டிடம், "நேத்து எடுத்ததையும் இதுலயே அனுப்பிடுவீங்களா?" என்று கேட்டேன். எனக்கு அண்ணன் வயதிருக்கும் அவருக்கு. டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நேத்து நல்ல பிலிம் இல்லம்மா. வெளிச்சம் பட்டுக் கெட்டுப்போனதைத்தான் மாட்டி ஓட்டினோம். வெறுங்கேமராவை ஓட்டினா சத்தத்துலயே ஹீரோ கண்டுபுடிச்சிடுவாரு. அவரை நிறுத்தணும், வேற வழி இல்ல."

"அப்போ என்னுது?"

"எதுவும் விழுந்திருக்காதும்மா."

டைரக்டர் புளியமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். போய் நின்றேன். பார்த்தவுடனே அவருக்குப் புரிந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தார்.

"ரெண்டு படம்மா. வூட்டை எழுதி வெச்சிட்டு வந்திருக்கேன். அவர் எறங்கிட்டார்னா ரெண்டும் போச்சு. நீட்டிப் பேசற மாதிரி எங்கிட்ட இருந்தது உன் சீன் ஒண்ணுதான்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே சார். நான் சும்மா பேசிட்டுப் போயிருப்பேன்."

"சும்மா பேசியிருந்தா அவர் நின்னிருக்க மாட்டாரு" என்றார். பிறகு, "திரும்ப எடுத்துடலாம். சத்தியமா எடுத்துடுவேன்" என்றார். எனக்கு அவரைத் திட்டத் தோன்றியது, முடியவில்லை. திட்டினால் திரும்ப எடுக்காமல் விட்டுவிடுவாரோ என்ற பயம்தான் முதலில் வந்தது. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்படிச் சொன்னேனே என்று அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கொதித்திருக்கிறேன்.

வந்த பிலிம் முதல் படத்தின் கடைசிச் சண்டைக்கே போய்க்கொண்டிருந்தது. மழையில் போன நாட்களை ஈடுகட்ட எல்லோரும் பறந்தார்கள். ஹீரோவின் கடைசி நாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அன்றைக்குப் போலவே நின்றேன், வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அன்று பேசியதை ஒப்பிப்பது போல இரண்டு வார்த்தை வந்தது. "பரவால்ல, இன்னொண்ணு" என்றார் டைரக்டர். அதற்குள் பனி சுவரை மறைத்துவிட்டது. ஹீரோவின் கார் ஹாரன் அடித்தது. அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஏறிப் போனார்.

முதல் படம் வந்தது. திருப்பத்தூரில் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. நான் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். நான் இதில் வரமாட்டேன் என்று முன்னாலேயே சொல்லித்தான் கூட்டிப் போனேன். இருந்தாலும் அவள் திரையில் ஒவ்வொரு பெண் முகம் வரும்போதும் என் கையைப் பிடித்து அழுத்திக்கொண்டே இருந்தாள். முடிவில் இரண்டாம் பாகம் விரைவில் என்று எழுத்து விழுந்தது. இருந்த கொஞ்சம் பேரும் அதற்குள் எழுந்து போய்விட்டிருந்தார்கள்.

நாடகக் கம்பெனியில் என் இடத்தில் வேறொருத்தி இருந்தாள். பீடி சுற்றினேன். அந்த நிலையில்தான் ஒரு நாள் டைரக்டர் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். தாடி வளர்ந்து, பாதியாகிப் போயிருந்தார். யாரிடமோ கேமராவை இரவல் வாங்கியிருப்பதாகவும், மிஞ்சின துண்டுப் பிலிம் கொஞ்சம் இருப்பதாகவும் சொன்னார். "உன் சீன் மட்டும் இருந்திச்சின்னா, ரெண்டாவதைக் காட்டி யாரையாவது பிடிச்சிடுவேம்மா."

"ஹீரோ?"

"முதுகு போதும்."

அக்கா போகாதே என்றாள். நான் போனேன். டைரக்டர், கேமரா அசிஸ்டென்ட், நான், மூன்று பேரும் பஸ்ஸில் ஏறி, ஜீப்புக்குக் காத்திருந்து, மலைக்குப் போனோம். கம்பெனி கட்டின வீட்டின் மூங்கிலையும் புல்லையும் ஊர்க்காரர்கள் எடுத்துப் போயிருந்தார்கள். பின்பக்கச் சுவர் மட்டும் பாதி நின்றது. டைரக்டர் ஹீரோவின் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் பவுடரைக் கொட்டிக்கொண்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டி ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார்.

அவர் முகம் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. அவர் அழுதுகொண்டிருந்தார். நான் பேசினேன். இந்தத் தடவை என் கணவரிடம் பேசவில்லை. என்னென்னவோ பேசினேன். துண்டுப் பிலிம் தீரத் தீர அசிஸ்டென்ட் அடுத்ததை மாட்டினார். விட்ட இடத்திலிருந்து பேசினேன்.

சில வாரம் கழித்து மெட்ராஸில் ஒரு சின்னத் தியேட்டரில் அதைப் போட்டுக் காட்டினார். செலவைக் குறைக்கக் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் போட்டிருந்தார். சத்தமில்லாமல் ஓடியது. என் முகத்தை அவ்வளவு பெரியதாக அப்போதுதான் பார்த்தேன். கன்ன எலும்பு தூக்கிக்கொண்டு, யாரோ ஒரு பெண் போல இருந்தேன். உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"இன்னாம்மா பேசினே அங்க? டப்பிங்குக்கு வேணுமே" என்றார் டைரக்டர்.

மலையில் யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கும் ஞாபகம் இல்லை. ஆபரேட்டரிடம் கெஞ்சி இன்னொரு தடவை போடச் சொன்னார். இரண்டு பேரும் முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்து என் உதட்டையே பார்த்தோம். ஒரு இடத்தில் 'சோறு' என்பது போல இருந்தது. இன்னொரு இடத்தில் 'சார்' என்றேனோ என்று சந்தேகம். மீதி ஒன்றும் பிடிபடவில்லை. மூன்றாவது தடவை கேட்டபோது ஆபரேட்டர் வேறு கம்பெனிக்கு நேரமாகிவிட்டது என்று விளக்கைப் போட்டுவிட்டார்.

இரண்டாம் பாகம் வரவில்லை. டைரக்டர் அதற்குப் பிறகு படம் எடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். நான் அந்தத் தியேட்டரிலிருந்து வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டு நடந்தேன். பெண் அடுத்த வாரம் பள்ளிக்கூடம் போக வேண்டியிருந்தது. அவளுக்கு ஒரு ஸ்லேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.