மேற்குச் சுவருக்கு வைக்கோல் மண்

காலை பத்து நாற்பது. கடையிலிருந்து திரும்பியதும் முதலில் பார்த்தது, சமையலறைத் தரையில் ஒரு தலையணை. அதில் தலை வைத்து, கண்ணைத் திறந்தபடி என் மனைவி படுத்திருந்தாள். மருத்துவமனையில் இரவுப் பணி முடிந்து எட்டு மணிக்கு வந்தவள். அந்த வாரம் எந்தப் பகலிலும் அவள் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்கவில்லை. மருந்துச் சீட்டை இரண்டு தடவை படிக்க வேண்டியிருக்கிறது என்று முந்தின நாள் சொல்லியிருந்தாள்.

கோவில்பதாகையில் எங்கள் வீடு கருங்கல் கட்டடம். கல் லாரி வைத்திருந்த ஒருவர் தனக்காகக் கட்டியது. மொட்டைமாடிக்குப் பக்கத்து மனை மாமரத்தின் நிழல் உண்டு. தொல்லை படுக்கையறையின் மேற்குச் சுவர்தான். சாயங்காலம் வாங்கிய சூட்டை மறுநாள் காலையிலும் விடாது.

சூட்டைத் தடுக்க ஏரி மண், வைக்கோல், சுண்ணாம்பு போதும் என்றார், நான் கூட்டிவந்த கொத்தனார். வெளிப்பக்கம் நாலு விரல் கனத்துக்கு மண் பூசி, காய்ந்ததும் சுண்ணாம்பு அடிக்கலாம். ஆனால் மண்ணையும் வைக்கோலையும் குழைத்துப் பதினைந்து நாள் ஊறவிட வேண்டும், தினமும் மிதிக்க வேண்டும். அவ்வளவு நாள் பொறுக்க எனக்கு மனமில்லை. மூன்றாம் நாளே பூசச் சொன்னேன். உன் ஊடு, உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டுப் பூசினார்.

பூசிய எட்டாம் நாள் சுவரில் நெல் முளைத்திருந்தது. வைக்கோலில் உதிராமல் தங்கிய மணிகள்; பதினைந்து நாள் ஊறியிருந்தால் அழுகியிருக்கும். விரல் நீளம், வெளிர்பச்சை. சுண்ணாம்பு அடிக்க வந்த கொத்தனார் வண்டியை விட்டு இறங்காமலே கேட்டார்:

"இன்னா சார், செவுத்துலயே நாத்து உட்டுகினு கீறே?"

மனைவி சிரித்துவிட்டாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் பூந்தமல்லிப் பக்கம் நடவுக்குக் கூலி போனவர்கள். நான் பிடுங்கினால் மண்ணும் பெயர்ந்து வந்தது. என்னை நகரச் சொல்லி அவளே சுவர் முழுக்கப் பறித்தாள்.

"நாத்து புடுங்கத் தெரியாத ஆளுக்கு என்னைக் கட்டி வெச்சிருக்காங்க பாரு."

கொத்தனார் அன்றே புதிதாகக் குழைத்து வைத்தார். இந்த முறை பதினைந்து நாளும் நானே மிதித்தேன். அந்தச் சேற்றால், சுவர் காய்ந்ததில் விழுந்திருந்த விரிசல்களை அடைத்து, சுண்ணாம்பு இரண்டு பூச்சு அடித்து, மழை படாமலிருக்கச் சுவருக்கு மேலே தென்னங்கீற்றுச் சாய்ப்பு இறக்கினார்.

அடுத்த வாரம் ஒரு நாள், ஒன்பது மணிக்கு அவள் படுக்கையறைக்குள் போனாள். பன்னிரண்டரைக்கும் கதவு சாத்தியே இருந்தது. விசில் அடிக்கும் என்பதால் குக்கர் வைக்கவில்லை. காலையில் மீந்த இட்லி மூன்று இருந்தன.